கதவோரக் கைகாட்டி

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது பெங்களூரின் அலுவலகங்கள் பல வீடுகளுக்குள் குடிபுகுந்தன. தொற்று தணிந்த பின்னரும், வாரத்தில் சில நாட்கள் இல்லத்திலிருந்தே பணி புரிவோர் நம்மவரிடையே உளர். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு கூடமும் ஓர் அறையுமாக வாழும் குடும்பத்தில், ஒருவர் கணினியின் முன் மீட்டிங்கில் அமர்ந்துவிட்டால் ஏனையோர்க்கு மூச்சு விடவும் தயக்கம். மிக்சி ஓடலாகாது, குக்கர் கூவலாகாது, பாட்டியார் இருமவும் அஞ்சுகிறார். முடிந்துவிட்டதா என எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு அதட்டலே பரிசு.

கதவருகே ஒரு சிறு விளக்கு வைத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். சிவப்பு எரிந்தால் மீட்டிங். பச்சை எரிந்தால் வரலாம். சிவப்பு ஒன்றே போதாதோ எனில், போதாது. இரயில்வேயில் எழுத்தராகப் பணி புரியும் நாம் அத்துறையின் விதியொன்றை இங்கு நினைவூட்டுவோம். கைகாட்டியில் எரிய வேண்டிய விளக்கு எரியாவிடில், அது காட்டக்கூடிய கட்டளைகளுள் மிகக் கடுமையானதே காட்டப்பட்டதாக ஓட்டுநர் கொள்ள வேண்டும். இருள் ஒருபோதும் அனுமதியாகாது. வீட்டிலும் அவ்வாறே: பச்சையே அனுமதி, ஒன்றும் எரியாவிடில் நின்று, மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும்.

செய்முறை எளிது. சிவப்பும் பச்சையுமாக இரண்டு எல்.இ.டி. விளக்குகள், 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இருபக்கம் திரும்பும் சிறு சுவிட்சு ஒன்று, கதவுவரை எட்டும் மெல்லிய கம்பி ஆகியன எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கும். பழைய கைப்பேசியின் 5 வோல்ட் சார்ஜர் மின்சாரம் தரும். அதன் நேர்முனையை ரெசிஸ்டருக்கும், ரெசிஸ்டரைச் சுவிட்சின் நடுக்காலுக்கும் இணைக்க. சுவிட்சின் இரு ஓரக் கால்களிலிருந்தும் ஒவ்வொரு விளக்கின் நீண்ட காலுக்குக் கம்பி செல்லட்டும். குட்டைக் கால்கள் இரண்டையும் சேர்த்து எதிர்முனையில் கட்டுக. சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட் கொள்ளும். எஞ்சிய 3 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்குவதால் 14 மில்லி ஆம்பியர் அளவே ஓடும். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் விளக்கு கருகிவிடும். இணைப்புகளுக்கு நாடா சுற்றுக; சார்ஜரைப் பிரிக்க வேண்டா; சுவரின் மின்கம்பியையும் தொட வேண்டா. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதோர் சிலர் உளராதலால், ஒன்றை மேலும் மற்றொன்றைக் கீழுமாக வைப்பது நலம்.

விளக்கினும் பெரிது அதனை ஆளும் முறை. இருப்புப் பாதைத் தடங்கள் பலவற்றில், அடுத்த நிலையத்தைக் கேட்டு 'லைன் கிளியர்' பெற்ற பின்னரே வண்டியை அனுப்புவர். வண்டி முழுதும் வந்து சேர்ந்ததும் பாதையை விடுவிப்பர். மீட்டிங் உடையவரும் காலையிலேயே நேரத்தைக் கூறி, இல்லத்தாரின் இசைவைக் கேட்க வேண்டும். பதினொரு மணிக்கு மாவரைக்க வேண்டுமென அம்மையார் கூறினால் அதுவும் ஒரு வண்டியே. அதற்கும் பாதை வேண்டும். மகளின் பாடத்திற்கும் இதே சுவிட்சு உதவட்டும். சம்பளம் தரும் வேலைக்கு மட்டுமே சிவப்பு எரியுமாயின், அது கைகாட்டியன்று, அதிகாரம்.

பேச்சு முடிந்த அக்கணமே பச்சைக்குத் திருப்புக. காரணமின்றி மணிக்கணக்கில் எரியும் சிவப்பைக் குழந்தைகள் நான்கு நாளில் மதியாதொழிவர். யாரேனும் விழுந்தாலோ, அடுப்பில் தீப்பற்றினாலோ, முதியவர்க்கு மூச்சுத் திணறினாலோ எவ்விளக்கும் தடையன்று என்பதைச் சிறுவர்க்கு முதல் நாளே தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும். அன்பர்கள் இவ்வார விடுமுறையிலேயே செய்து பார்ப்பார்களாக. பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்க. தாம் கட்டிய விளக்கை அவர்கள் மதிப்பர்.