சாம்பல் குளமும் கிணற்றுத் தண்ணீரும்

அவிநாசி வட்டாரத்து மக்கள் அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில்தான் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் துவக்கப்பட்டு, பவானியாற்று உபரித் தண்ணீர் 1045 குளம் குட்டைகளுக்கு வரலாயிற்று. குளத்தில் நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறும் என்பதுதான் அதன் தத்துவம். நல்ல தண்ணீர் இறங்குமானால் விஷத் தண்ணீரும் இறங்கத்தானே செய்யும் என்று நாம் கேட்கின்றோம்.

நமது நாட்டு நிலக்கரியை நூறு மூட்டை எரித்தால் ஏறக்குறைய முப்பது, நாற்பது மூட்டை சாம்பலாய் மிஞ்சுகின்றது. அனல் மின் நிலையங்களில் அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே சாம்பல் குளங்களில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆர்சனிக், போரான், செலினியம் முதலியவை அச்சாம்பலில் இருக்கின்றன. குளத்தின் அடியில் நீர் கசியாத விரிப்பு இல்லாவிட்டால், இவை கரைந்து ஊற்றில் கலக்கும். ஆர்சனிக்குக்கு நிறமுமில்லை, ருசியுமில்லை, காய்ச்சினாலும் போகாது.

நிறத்தோடு ஓடிய நொய்யல் சாயத் தண்ணீரின் கதையே நமக்குத் தெரியும். பாசனத்திற்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாகிவிட்டது. ஐகோர்ட்டு 2011-ல் பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணால் கண்ட கெடுதிக்கே இத்தனை காலமென்றால், காணாத கெடுதிக்கு எத்தனை காலம்?

வட சென்னை அனல் மின் நிலையத்துச் சாம்பல் குளம் செப்பாக்கம் கிராமத்தை ஒட்டி இருக்கிறது. மேட்டூரிலோ 1440 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரிக்கும் நிலையம் இருக்கிறது. விளக்கு நம் வீட்டில் எரிகிறது. சாம்பல் வேறொருவன் வாசலில் விழுகிறது. இது என்ன நியாயம்?

அமெரிக்காவில் சாம்பல் குளங்களைச் சுற்றிச் சோதனைக் கிணறு தோண்டி, முடிவைப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்று 2015-ல் விதி செய்தார்கள். 2019-ல் அந்தக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது, 265 நிலையங்களில் 242-ல் நிலத்தடி நீர் கெட்டிருந்தது. சோதித்ததால் தெரிந்தது, சோதிக்காத இடத்தில் "எல்லாம் சரியாயிருக்கிறது" என்பார்கள்.

"மின்சாரம் வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். வேண்டும். ஆனால் விரிப்புச் செலவும் சோதனைச் செலவும் மின்சாரத்தின் விலையிலேயே சேர்ந்தவை. அதை மிச்சம் பிடித்து, கிணற்றுக்காரன் தலையில் கட்டுவது மோசடியேயாகும்.

ஆகவே தோழர்களே! தண்ணீர் கெட்டால் தலைவிதி என்று சும்மா இருந்துவிடாதீர்கள். எந்தக் கிணற்றில், எந்தத் தேதியில், எது எவ்வளவு இருந்தது என்று தமிழில் எழுதிப் பஞ்சாயத்து வாசலில் ஒட்டும்படி சர்க்காரைக் கேளுங்கள். குடிக்கிறவனுக்குத் தெரியாத கணக்கு, கணக்கே அல்ல.