விருந்தாளிக்கு அறை, உழைத்தவனுக்கு நடைபாதை

2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்த ரசிகர்களைத் தங்கவைக்க கத்தார் எல்லா வழியும் தேடியது. தோஹா துறைமுகத்தில் சொகுசுக் கப்பல்கள் விடுதிகளாக நின்றன. வெட்டவெளியில் கண்டெய்னர் போன்ற அறைகள் வரிசை கட்டின. ஓரிரவுக்குச் சுமார் 200 டாலர். துபாயிலிருந்து பறந்து வந்து, ஆட்டம் பார்த்துவிட்டு அன்றே திரும்பியவர்களும் உண்டு. சின்ன நாடு, பெருங்கூட்டம். அந்த முனைப்பை மதிக்கிறேன்.

ஆனால் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, ரசிகர்கள் தங்கவிருந்த அதே வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான ஆசிய, ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் காலிசெய்யப்பட்டதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. சிலர் நடைபாதையில் படுத்தார்கள். போட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது அரசு. என்னால் ஏற்க முடியவில்லை. போட்டி நடத்தும் உரிமையைக் கொடுக்கும்போதே, குடியிருப்பவரை அகற்றக் கூடாது என்று ஃபிஃபா எழுதி வாங்க வேண்டும்.