மருந்தின் பசி

மணிமேகலைக் காவியத்திலே காயசண்டிகை என்பாள் ஒருத்தி வருகிறாள். முனிவர் ஒருவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் நோய் அவளைப் பற்றியது. எவ்வளவு உண்டும் பசி அடங்கவில்லை. சீத்தலைச் சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரியென்று இகழ்ந்தாரல்லர். நோயாளியென்றே நம்முன் நிறுத்தினார். அந்தக் கண்ணோட்டம் இன்று நம்மிடம் உண்டா?

பாண்டிருப்பிலே என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் மனநோயுற்றான். மருந்தினால் தேறி, மீண்டும் புத்தகத்தைக் கையிலெடுத்தான். ஆறு மாதத்திலே உடல் பருத்தது. திரௌபதையம்மன் கோயில் உற்சவத்துக்குப் போனவனைக் கண்டோரெல்லாம், "என்ன தம்பி, ஊதிப் போனாய்! வீட்டிலே சாப்பாடு பலமோ?" என்றனர். அங்ஙனம் கேட்டவருள் நானும் ஒருவன். அவன் மறுமொழி கூறவில்லை. வீட்டுக்குப் போய்க் குளிசையை நிறுத்தினான். இரண்டு மாதத்திலே நோய் திரும்பிற்று.

நாங்கள் தீயவரல்லேம், அறியாதவர். அறியாமையும் ஓர் உயிரை வருத்தும் என்பதை அன்று கண்டேன்.

1952 இல் பிரான்சிலே குளோர்புரோமசீன் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது முதல், விலங்கிடப்படும் நிலையிலிருந்த பலர் வீடு திரும்பினர். பின்வந்த மருந்துகளுள் ஓலன்சபைன், குளோசபைன் என்னும் இரண்டும் உடலை மிகுதியாகப் பருக்கச் செய்வன. மூளையிலே ஹிஸ்ரமின் முதலியவை செயற்படும் இடங்களை இவை மறிக்கின்றன. ஆதலின் பசி பெருகுகிறது, உண்டு நிறைந்த உணர்வு குன்றுகிறது. குருதியிலே சீனியும் கொழுப்பும் ஏறுதலும் உண்டு. இது நாவடக்கமின்மையன்று, மருந்தின் பசி.

"மனக்கட்டுப்பாடு இருந்தால் உண்ணாமல் இருக்கலாமே" என்பர் சிலர். ஒரு நேரம் பசித்திருந்து பார்த்தவர் அதனை எளிதாகச் சொல்லார். ஆயின், செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பதும் பிழை.

2004 இல் அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவ சங்கங்கள் கூடி ஒரு நெறி வகுத்தன. மருந்து தொடங்குமுன் எடை பார்த்தல் வேண்டும்; பின் 4, 8, 12 ஆம் வாரங்களிலும், அதன்மேல் மூன்று மாதத்துக்கொருமுறையும் பார்த்தல் வேண்டும். எடை நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறினால், அஃதாவது அறுபது கிலோ உடையவன் மூன்று கிலோ கூடினால், மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவர் சிந்திக்கலாம். நீரிழிவுக்காரருக்குப் பழக்கமான மெற்போமினைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. நம்மவருக்கு இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைக் கடத்தல் எச்சரிக்கை. இவற்றை அறியத் தராசும் அளவுநாடாவும் போதும். கிளினிக்கிலே எடை பார்க்காவிடின், பார்க்கும்படி கேட்பதிலே குற்றமில்லை. குளிசையைத் தானாக நிறுத்துவதே குற்றம்.

வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புச் சொன்னார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன். இந்த நான்காமவன் யார்? ஆழிப்பேரலையையும் நீண்ட போரையும் கண்ட இக்கரையிலே மனம் நொந்தவர் அரியரல்லர். 2005 இல் வகுத்த இலங்கையின் மனநலக் கொள்கை, சிகிச்சையைப் பெருமருத்துவமனைகளிலிருந்து ஊர்ப்புறங்களுக்குக் கொணர்தலை நோக்கமாகக் கொண்டது. சிகிச்சை ஊருக்கு வருமாயின், அந்த நான்காமவன் ஊரேயாவான்.

வீட்டார் அவனுக்கு மட்டும் சோற்றை அளந்து வைத்தல் தண்டனை போலாகும். வீடு முழுவதும் சிவப்பரிசிச் சோற்றைக் குறைத்து, கீரையும் மீனும் கூட்டிக்கொள்ளட்டும். தேநீரிலே சீனியை எல்லாரும் விடட்டும். மாலையிலே ஒருவர் அவனோடு கடற்கரையில் நடக்கட்டும்.

என் மாணாக்கன் இப்பொழுது வேறு மருந்தோடு தேறி வருகிறான். சில மாலைகளில் நானும் உடன் நடக்கிறேன். அமுதசுரபி என் கையில் இல்லை. என் நாவை அடக்குதல் என்னால் இயலும். அடுத்த உற்சவத்திலே அவனைக் காண்போர், "தம்பி, படிப்பு எம்மட்டில்?" என்று கேட்பாராக.