பெரிய வாகனம், சின்ன வாகனம்: எதில் ஏறுவது?

"சின்னக் கார் வெறும் தகரம், அடிபட்டால் அப்பளம்தான். வானில் போனால் பயமில்லை." எங்கள் சங்கத்தில் பயணப் பேச்சு வந்தால் இதைக் கேட்காமல் நான் வீடு திரும்புவதில்லை. கண் சத்திர சிகிச்சை, மகளின் சம்பந்தம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கான விசாரணை என்று வாடகைக்கு வாகனம் பிடித்து ஏ9 வீதியில் போய்வருகிற பெண்கள் நாங்கள். ஆகவே இந்தப் பேச்சு எவ்வளவு சரி என்று இம்மாதம் பார்ப்போம்.

முதற்பாதி பெரும்பாலும் சரி. 700 கிலோ எடையுள்ள காரும் 10,500 கிலோ எடையுள்ள பஸ்ஸும், இரண்டும் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, நேருக்கு நேர் மோதிச் சிக்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து பஸ் வந்த திசையிலேயே ஏறக்குறைய 44 கிலோமீற்றர் வேகத்தில் போகும். பஸ்ஸின் வேகம் 6 மட்டுமே குறைகிறது. காரோ ஒரு கணத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அதன் வேகமாற்றம் 94. அந்த மாற்றம் தகரத்தோடு நிற்பதில்லை, உள்ளே இருப்பவரின் நெஞ்சிலும் தலையிலும் இறங்குகிறது.

2009இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இங்கே விட்ஸ் என்று ஓடும் காரை அங்கே யாரிஸ் என்பார்கள். அது தனியே தடுப்பில் மோதிய சோதனையில் நல்ல மதிப்பெண் பெற்றது. தன்னைவிடப் பெரிய கம்ரி காருடன் மோதவிட்டபோது மிக மோசமான மதிப்பெண்ணே கிடைத்தது.

ஆனால் சின்னக் கார்கள் எல்லாம் ஒன்றல்ல. 2014இல் இந்தியாவில் விற்கப்பட்ட கார்களை குளோபல் என்கெப் அமைப்பு சோதித்தது. காற்றுப்பை இல்லாத அல்டோ 800க்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. காற்றுப்பை பொருத்திய போலோவுக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஆகவே அளவை மட்டும் பார்த்தால் போதாது.

"வானில் பயமில்லை" என்ற மறுபாதிதான் எங்களை ஏமாற்றுகிறது. பழைய வான்கள் பலவற்றில் முன் பொனற் இல்லை. முன்னால் இருப்பவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லொறிக்கும் நடுவில் ஒரு தகடுதான். உயரமான வாகனம், கூரையில் பொதிகள் வேறு. மாடு குறுக்கே வந்து சாரதி சட்டென்று வெட்டினால் கவிழ்வது சுலபம். வீதியோரப் பாலைமரத்தில் மோதினால் பாரம் கைகொடுக்காது. மரத்துக்கு வானும் ஒன்று, காரும் ஒன்று.

எந்த வாகனமானாலும் எங்கள் கையில் இருப்பவை சில உண்டு. முன் ஆசனத்தில் ஆசனப்பட்டி 2011 முதல் சட்டம். பின்னால் இருப்பவரும் போடவேண்டும். போடாதவர் மோதலில் முன்னால் இருப்பவர் மீதே வந்து விழுவார். மடியில் இருக்கும் 10 கிலோப் பிள்ளை, 50 கிலோமீற்றர் வேக மோதலில் சில நூறு கிலோப் பாரமாக இழுபடும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. ஓட்டோவில் கதவுமில்லை, பட்டியுமில்லை. பாடசாலைக்குப் பிள்ளைகளை அடைந்து ஏற்றி அனுப்பாதீர்கள்.

அடுத்தது வேகம். 50 எழுபதானால் மோதலின் வலு ஏறக்குறைய இருமடங்காகும். சாரதியிடம் சொல்ல எங்களுக்குக் கூச்சம். "ஆம்பிளைக்கு நாங்கள் ஓட்டச் சொல்லிக் குடுக்கிறதோ?" என்று வாயை மூடிக்கொள்கிறோம். ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பிக் கொண்டுவந்த உயிர்கள் இவை. இந்த நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதியில் சாகிறார்கள். "தம்பி, பிந்தினாலும் பரவாயில்லை, மெதுவாப் போங்கோ" என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல. காசு கொடுப்பதும் நாங்கள்தான்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். எங்கள் வானின் பாரம் எங்களைக் காக்கும்போது, எதிரே ஓட்டோவில் வருபவளையும் சைக்கிளில் போகும் பிள்ளையையும் அதே பாரம்தான் நசுக்கும். பெரிய வாகனத்தில் ஏறினால் மெதுவாகப் போகச் சொல்லும் கடமையும் பெரிதாகிறது.

அடுத்த முறை வாடகை பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எல்லா ஆசனத்துக்கும் பட்டி உண்டா? ஆசனத்துக்கு ஓராள்தானா? சாரதி இரவு நித்திரை கொண்டாரா? மூன்றுக்கும் "ஓம்" என்றால் சின்னக் காரானாலும் ஏறுங்கள். இல்லையென்றால் எவ்வளவு பெரிய வாகனமானாலும் வேறு பாருங்கள்.