பாலை நடுவே ஒரு கூட்டுறவு ஊர்

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் வடபகுதியில், அட்டகாமா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், எல்கி என்னும் சிற்றாற்றின் கரையில் விக்குன்யா என்றோர் ஊர் உண்டு. 1821-இல் நிறுவப்பட்ட ஊர். ஆண்டு மழை ஏறக்குறைய நான்கு அங்குலம். ஆண்டீஸ் மலையின் பனி உருகி வருவதே ஆற்று நீர். இருமருங்கும் வறண்ட மலைகள். நடுவே ஆற்றை ஒட்டிப் பசிய நாடா விரித்தாற்போல் திராட்சைத் தோட்டங்கள்.

திராட்சை பயிரிடுவோனின் சங்கடத்தை நம் அங்கத்தினர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பறித்த பழம் காத்திராது, வியாபாரி காத்திருப்பான். ஆகவே விலையைச் சொல்பவன் வியாபாரியே. நூலுக்குக் கடன்பட்டுச் சேலையை அன்றே விற்கும் நெசவாளியின் நிலையும் இஃதே. எல்கிப் பள்ளத்தாக்கினர் இதற்குக் கண்ட பரிகாரம், பழத்தைக் காத்திருக்கச் செய்வது. திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்தெடுக்கும் பிஸ்கோ என்னும் பானம் ஆண்டுக்கணக்கில் கெடாது. 1930-களில் இப்பள்ளத்தாக்கின் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து வடிசாலைகளைத் தமதாக்கிக் கொண்டனர். அவற்றுள் 1938-இல் தோன்றிய காப்பெல் சங்கத்தின் ஆலை விக்குன்யாவிலேயே உள்ளது; இன்று சுற்றுலாப் பயணிகளும் அதனைக் காண வருகின்றனர். சாராயச் சங்கத்தைப் புகழ்வதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குடத்தில் இருப்பது எதுவாயினும் ஆகுக. குடம் யாருடையது என்பதே நமது கேள்வி.

பண்டத்தோடு பெயரையும் அவர்கள் காத்தனர். 1931-இல் சிலி அரசு, குறித்த வட்டாரத்தில் விளைந்து வடித்ததற்கே பிஸ்கோ என்னும் பெயர் உரியது என விதித்தது. 1936-இல் பள்ளத்தாக்கின் மேற்பகுதியிலிருந்த லா உனியோன் என்னும் சிற்றூரின் பெயரையே பிஸ்கோ எல்கி என்று மாற்றி விட்டனர்! அப்பெயர் தமதே என்று பெரு நாட்டார் வாதிடுவர். அவ்வழக்கில் நாம் புக வேண்டுவதில்லை.

ஆயினும் எல்லாச் சங்கமும் ஒரே வழியில் நிற்கவில்லை. கொன்ட்ரோல் என்னும் மற்றொரு கூட்டுறவுச் சங்கம் 2005-இல் ஒரு பெரும் பானக் கம்பெனியோடு சேர்ந்து புதிய கம்பெனி அமைத்தது. அதில் சங்கத்தின் பங்கு 20 சதவிகிதம், மற்றோர்க்கு 80. முதலும் விற்பனை வசதியும் கிடைத்திருக்கலாம். ஆனால் ஐந்தில் ஒரு பங்குடையோர் கூட்டத்தில் பேசலாம், தீர்மானிக்க இயலாது. நமது அபிப்பிராயத்தில் இது கொடுத்த விலை அதிகம்.

ஊரின் ஏனைய கவர்ச்சிகளுள் இரண்டைச் சொல்வோம். நோபல் பரிசு பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க எழுத்தாளரும் பள்ளி ஆசிரியையுமான கப்ரியேலா மிஸ்த்ரால் 1889-இல் பிறந்தது இங்கே. அவர் பெயரால் காட்சிசாலை உள்ளது. மற்றொன்று வானம். மேகமற்ற இவ்வட்டார மலைகளில் பெரிய வானாராய்ச்சி நிலையங்கள் அமைந்தன. அவை ஆராய்ச்சியாளருக்கே உரியவை. எனவே நகராட்சி 1998-இல் மாமல்லூக்கா மலையில் பொதுமக்களுக்கென ஒன்றைத் திறந்தது. மழையின்மையையே சரக்காக்கிய சாமர்த்தியம் இது! 2019 ஜூலை 2-இல் முழுச் சூரிய கிரகணத்தைக் காணவும் பெருங்கூட்டம் வந்தது.

கவலை தருவது நீர். 1990-களின் இறுதியில் 20 கோடி கன மீட்டர் கொள்ளும் புக்லாரோ அணை கட்டப்பட்டது. அதற்காக ஒரு கிராமமே இடம் பெயர்ந்தது. 2010 முதல் நீண்ட வறட்சி; அணை பலமுறை மிகத் தாழ்ந்தது. இதன் மேல், 1981-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் நீருரிமையை நிலத்தினின்று பிரித்துத் தனியே விற்கத்தக்க சொத்தாக்கிற்று. 2022-இல் செய்த திருத்தம் குடிநீருக்கு முதலிடம் தந்தது. எனினும் நீருரிமை விற்பனை ஒழியவில்லை. கடன்பட்ட சிறு விவசாயி அதனை விற்று விட்டால், நிலம் பத்திரத்தில் மட்டுமே அவருடையதாக நிற்கும். சங்கத்தின் வடிசாலைக்கு வரும் பழமும் குறையும். வடிசாலையைக் காத்த சங்கம் வாய்க்காலையும் காக்க வேண்டாவா? நீருரிமையை விற்க எண்ணும் அங்கத்தினர் அதனை முதலில் தம் சங்கத்துக்கே அளித்தல் வேண்டும் என்றும், சங்கம் அதற்கெனத் தனி நிதி ஒதுக்க வேண்டும் என்றும் துணைவிதியில் சேர்ப்பதே நாம் அறிந்த வழி. நிதிக்கு ஆண்டு இலாபத்தில் ஒரு பகுதி போதும். ஆனால் அதை வறட்சி வருமுன் ஒதுக்கியிருக்க வேண்டும்.