பின்வீச்சுக்கும் ஒரே அச்சா?

கோல்ஃப் ஆட்டத்தில் மட்டையைப் பின்னோக்கி உயர்த்தும் பின்வீச்சைத் திருத்தப் புறப்படும் ஆசான்கள் பலர், எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்க முனைகின்றனர். உச்சியில் மட்டை தரைக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும் என்பது அவர்களது வேதவாக்கு. இதனை நான் ஏற்பதற்கில்லை.

ஸ்பெயின் வீரர் ஜோன் ராம், வலது பாதம் உட்புறம் திரும்பிய நிலையில் பிறந்தவர். அந்தக் கணுக்கால் போதிய அளவு வளைந்து கொடுக்காது. ஆகவே அவரது பின்வீச்சு சமாந்தர நிலையை எட்டு முன்னரே நின்றுவிடும். அதனைக் கொண்டே 2021 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியையும் 2023 இல் மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்றார். மாறாக, ஜோன் டேலியின் மட்டை சமாந்தர நிலையையும் கடந்து வெகுவாகக் கீழிறங்கும். அவர் 1991 இல் பிஜிஏ சம்பியன். 1995 இல் பிரித்தானியப் பகிரங்கப் போட்டியின் சம்பியன். ஜிம் ஃபியூரிக்கின் மட்டையோ வளையமிட்டு இறங்கும். 2016 இல் அவர் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார்.

அப்படியாயின் பயிற்சியே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தோளைத் திருப்பாது கைகளை மட்டும் தூக்குபவருக்குத் தோளைத் திருப்பக் கற்பியுங்கள். மட்டையைப் பறித்திழுப்பவருக்கு நிதானத்தைக் கற்பியுங்கள். ஆனால் தோள் எங்கே திரும்பி முடிகிறதோ, அவருடைய பின்வீச்சின் எல்லை அங்கேதான். அறுபது வயதானவரின் முதுகை இருபது வயது இளைஞரின் படத்துக்கேற்ப முறுக்குவதைப் பயிற்சி என்று எவ்வாறு அழைப்பது?

தன்னைத் தொடும் கணத்தில் மட்டைமுகம் எத்திசையில், எவ்வேகத்தில் வந்தது என்பதையே பந்து அறியும். பின்வீச்சின் அழகை அது விசாரிப்பதில்லை.