உங்க ஸ்ட்ரீக் உடையட்டும், எலும்பு உடைய வேண்டாம்

போன்ல ஆப் வச்சு ஓடுறவங்க, ஓடலாம்னு இருக்கிறவங்க எல்லாருக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம். கோபமும் இருக்கு. பொறுத்துக்கோங்க.

போன வாரம் ஓபி-யில ஒருத்தர். 38 வயசு, ஐடி வேலை. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) வலது கணைக்கால் எலும்புல வலி. எங்கேன்னு கேட்டா, ஒரே ஒரு விரலை வச்சு ஒரே ஒரு இடத்தைக் காட்டுறார். மூணு வாரமா இருக்காம். முதல்ல ஓடும்போது மட்டும் வலிச்சிருக்கு. அப்புறம் நடக்கும்போதும். இப்ப ராத்திரி படுத்தாலும் வலி.

"கடைசியா எப்ப ஓடினீங்க?"

"இன்னைக்குக் காலைல, டாக்டர்."

ஏன் சார்னு கேட்டேன். போனை எடுத்து நீட்டினார். 112 நாள் ஸ்ட்ரீக். ஒரு நாள்கூட விடாம 112 நாள் ஓடியிருக்கார். "இன்னைக்கு விட்டா ஜீரோ ஆயிடும் டாக்டர்."

எக்ஸ்-ரேல ஒண்ணும் தெரியல. ஆரம்பத்துல பல சமயம் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தோம். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப ஒரே இடத்துல அழுத்தம் விழுந்து எலும்புல வர்ற விரிசல். எட்டு வாரம் ஓட்டம் கிடையாதுன்னு சொன்னதும் மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எலும்பைப் பத்தி ஒரு கேள்வி கேட்கல. "அப்ப 112 போச்சா டாக்டர்?"

அவரை நான் திட்டல. திட்ட வேண்டியது அந்த 112-ஐ அவர் கையில கொடுத்தவங்களை.

எலும்பு எப்படி பலமாகுதுன்னு முதல்ல சொல்லிடறேன், அப்பதான் என் கோபம் புரியும். ஓடுற நேரத்துல எலும்பு பலமாகறதில்ல. ஓட்டம் எலும்புல கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்களை உண்டாக்குது. உடம்பு அந்தக் கீறல் இருக்கிற பகுதியை முதல்ல சுரண்டி எடுக்கும், அப்புறம்தான் புது எலும்பை வைக்கும். வீட்டுச் சுவர்ல பூச்சு விட்டுப்போனா கொத்தனார் அதுக்கு மேலேயே பூசுவாரா? கொத்தி எடுத்துட்டுத்தான் பூசுவார். கொத்தின நாளுக்கும் புதுப் பூச்சு காயற நாளுக்கும் நடுவுல அந்தச் சுவர் முன்னைவிட பலவீனம்தான். எலும்புல அந்த இடைவெளி வாரக்கணக்குல இருக்கும். அந்த நேரத்துல தினமும் போய் அதே சுவரை இடிச்சா?

இதுல இன்னொரு வம்பு. மூச்சும் இதயமும் சீக்கிரம் தேறிடும். மூணே வாரத்துல "அட, இப்பல்லாம் மூச்சு வாங்கறதே இல்ல"ன்னு தோணும், தூரத்தைக் கூட்டுவீங்க. எலும்பும் தசைநாரும் அவ்வளவு வேகமா தேறாது. புதுசா ஓட ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு மாசத்துல நிறைய பேர் நொண்டிக்கிட்டு வர்றது இதனாலதான்.

ஆக, பயிற்சியில பாதி வேலை ஓய்வு நாள்லதான் நடக்குது. அந்த ஓய்வு நாளைத்தான் ஆப் "தோல்வி"ன்னு காட்டுது. ஜீரோ போடுது. அழுமூஞ்சி பொம்மை காட்டுது. ராத்திரி ஒன்பதரைக்கு "இன்னும் நேரம் இருக்கு, விட்டுடாதீங்க"ன்னு நோட்டிஃபிகேஷன் அனுப்புது. நீங்க தினமும் ஆப்பைத் திறக்கணும், அதுதான் அந்தக் கம்பெனிக்கு வேணும். உங்க கணைக்காலுக்கு வேண்டியது நேர் எதிர்.

வேடிக்கை என்ன தெரியுமா? புதுசா ஓடுறவங்களுக்கு இன்னைக்கு ஆப்கள் கொடுக்கற திட்டங்கள்ல ரொம்பப் பிரபலமானது "கவுச் டு 5கே". ஜோஷ் கிளார்க்ங்கிறவர் 1996-ல எழுதினது. ஒன்பது வாரம். முதல் வாரம் 60 விநாடி மெல்ல ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி மாத்தி மாத்தி 20 நிமிஷம். வாரத்துக்கு எத்தனை நாள்? மூணு. மீதி நாலு நாள் ஓட்டமே கிடையாது. திட்டத்துக்குள்ளேயே லீவு எழுதி வச்சிருந்தாங்க. அது மாதிரித் திட்டத்தை உள்ளே வச்சுக்கிட்டு, வெளியில தினசரி ஸ்ட்ரீக்கை மாட்டினா அதுக்கு என்ன பேர்?

இதுல ஆபீஸ் ஹெச்ஆர் வேற. "30 நாள் 30 ஓட்டம்", முதல் பத்து பேருக்கு கிஃப்ட் வவுச்சர். டீம் பேர் லிஸ்ட்ல கீழே இறங்குதேன்னு 101 டிகிரி காய்ச்சலோட ஓடிட்டு வந்த பொண்ணைப் பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு காய்ச்சலோட ஓடாதீங்க. வைரஸ் காய்ச்சல்ல சில பேருக்கு இதயத் தசையிலயும் அழற்சி வரும். அந்த நேரத்துல ஓடினா இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். வவுச்சர் எவ்வளவுன்னு கேட்டேன். ஐந்நூறு ரூபாயாம்.

அடுத்தது "உங்களுக்காகவே தயாரிக்கப்பட்ட பிரத்யேகத் திட்டம்". ஆப் என்ன கேட்டுச்சு? வயசு, உயரம், எடை, எந்தத் தேதியில போட்டி. சுகர் மாத்திரை போடுறீங்களா, அப்பாவுக்கு எந்த வயசுல ஹார்ட் அட்டாக் வந்தது, ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரசவம் ஆகி எத்தனை மாசம், நைட் ஷிஃப்டா? இதெல்லாம் நான் பார்த்த பல ஆப்கள்ல கேட்கவே இல்ல. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுக்கிட்டு வெறும் வயித்துல 8 கிலோமீட்டர் ஓடினா சுகர் தாழ்ந்து நடு ரோட்டுல விழலாம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க டாக்டர்கிட்ட பேசிட்டு ஆரம்பிங்க, பாக்கெட்ல குளுக்கோஸோ நாலு சாக்லேட்டோ வச்சுக்கோங்க.

"வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டினா காயமே வராது"ன்னு பல திட்டங்கள்ல எழுதியிருக்கும். நெதர்லாந்துல புது ஓட்டக்காரர்களை ரெண்டு குழுவாப் பிரிச்சுப் பார்த்தாங்க, 2008-ல முடிவு வந்தது. மெதுவா 10 சதவீதக் கணக்குல கூட்டின குழுவுலயும் ஏறக்குறைய ஐந்துல ஒருத்தருக்குக் காயம், சாதாரணத் திட்டத்துல ஓடின குழுவுலயும் ஏறக்குறைய அதே அளவு. அதுக்காக இஷ்டத்துக்குக் கூட்டுங்கன்னு சொல்லல. திட்டத்துல எழுதியிருக்குங்கிறதால உங்க வலி பொய்யாயிடாது.

இப்ப இதயத்துக்கு வருவோம். வாட்ச்ல "ஸோன் 2, ஸோன் 4"ன்னு கலர் கலரா வருதே, பல வாட்ச்ல அதோட ஆரம்பக் கணக்கு 220-ல இருந்து உங்க வயசைக் கழிக்கறது. 1971-ல வந்த ஒரு கட்டுரையில இருந்து பரவின தோராயக் கணக்கு அது. 45 வயசுக்காரருக்கு உச்சத் துடிப்பு 175-ன்னு அது சொல்லும். நிஜத்துல ஒருத்தருக்கு 162 இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு 188 இருக்கும், ரெண்டு பேருமே ஆரோக்கியமா இருப்பாங்க. பிபி-க்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போடறவங்களுக்கு அந்த மாத்திரையே துடிப்பைக் குறைச்சு வச்சிருக்கும். அவங்களுக்கு இந்தக் கணக்கு செல்லவே செல்லாது.

மெட்டோப்ரோலால் போடற 52 வயசு அண்ணன் ஒருத்தர். வாட்ச் "ரொம்ப எளிது, வேகத்தைக் கூட்டு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. கூட்டினார். நெஞ்சு இறுக்கமா இருந்தது, "கேஸ்"னு நினைச்சு ரெண்டு வாரம் ஓட்டினார். நின்னா சரியாயிடும், ஓடினா வரும். அதுக்குப் பேர் கேஸ் இல்லங்க. ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சாச்சு, நல்லா இருக்கார். ஆப்ல அந்த ரெண்டு வார ஓட்டத்துக்கும் பச்சை டிக் இருந்தது.

வாட்ச் வேண்டாம்னா எதை நம்பறது? உங்க வாயை. ஓடும்போது முழு வாக்கியமா பேச முடியுதா? அப்ப அது லேசான ஓட்டம். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குதா? அப்ப அது கடினம். உங்க வார ஓட்டத்துல பெரும்பகுதி பேச முடியற வேகத்துல இருந்தா போதும். பேட்டரி தீராது, சந்தாவும் கிடையாது.

வெயில். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெட்கம். சில வருஷம் முன்னாடி மே மாசம், மெரினா. காலைல அஞ்சரை மணி. அன்னைக்கு என் ஆப் போட்ட இலக்கு கிலோமீட்டருக்கு 6 நிமிஷம். காலைதானேன்னு கிளம்பிட்டேன். ஆனா சென்னையில மே மாசம் விடியற்காலையிலேயே 28, 29 டிகிரி இருக்கும், காத்துல ஈரப்பதம் உச்சத்துல இருக்கறதும் அந்த நேரம்தான். வேர்வை வழிஞ்சா மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாகணும். சட்டை சொட்டச் சொட்ட ஓடறோம்னா குளிர்விக்கிற மெஷின் வேலை செய்யலன்னு அர்த்தம். ஏழாவது கிலோமீட்டர்ல கை முடி சிலிர்த்துது. அந்தப் புழுக்கத்துல குளிருது! நோயாளிக்கு இருந்தா உடனே கண்டுபிடிச்சிருப்பேன். எனக்கு வந்தப்ப "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே"ன்னு ஓடினேன். சுண்டல் விக்கிறவர் பெஞ்சுல உட்கார வச்சு தலையில தண்ணி ஊத்தினார். ஆப் அன்னைக்கு எனக்கு என்ன சொல்லுச்சு? இலக்கைவிட 14 விநாடி தாமதம்னு.

ஓடும்போது ஒருத்தர் உளற ஆரம்பிச்சாலோ, நடை தள்ளாடினாலோ, ஆள் அடையாளம் தெரியாமப் பேசினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். 108-க்கு போன் பண்ணுங்க, ஆனா வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. நிழல்ல படுக்க வச்சு, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. ஐஸ் கிடைச்சா கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க. தண்ணித் தொட்டி இருந்தா தலை வெளியில இருக்கற மாதிரிப் பிடிச்சு உடம்பை முக்கலாம், அதுதான் சிறந்தது. பாராசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது.

உடனே சிலர் "அதனாலதான் டாக்டர் என் ஆப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி குடிக்கச் சொல்லுது"ம்பாங்க. அதுவும் தப்பு. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேர் ரத்தத்தைச் சோதிச்சதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்தது. வழியில அதிகமா தண்ணி குடிச்சு எடை கூடினவங்கதான் அதுல முக்கியமா மாட்டினாங்க. தாகம் எடுத்தா குடிங்க. மணியடிச்சா குடிக்க நாம என்ன ஸ்கூல் பிள்ளைங்களா?

ரூட் விஷயம். இங்கே நான் ஆப்களுக்கு எதிரி இல்ல. மேப்ல விரலால கோடு போட்டு வீட்டிலிருந்து வீட்டுக்கு 5 கிலோமீட்டர் வட்டம் கண்டுபிடிக்கறது அருமையான வசதி, நானும் பண்றேன். ஆனா மத்தவங்க அதிகமா ஓடின பாதைன்னு ஆப் காட்டுதே, அவங்க எந்த நேரத்துல ஓடினாங்கன்னு பாருங்க. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டமா இருக்கற ரோட்டுல காலைல நாலரைக்கு தெரு விளக்கு எரியாது, மழைநீர் வடிகால் மூடி திறந்திருக்கும், நாய்கள் கூட்டமா படுத்திருக்கும். முதல் தடவை பகல்ல நடந்து பார்த்துட்டு வாங்க. ஃபுட்பாத் இல்லாத ரோடுன்னா எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியற மாதிரி வலது ஓரமா ஓடுங்க, காதுல பாட்டு வேண்டாம். நாய் கடிச்சா, கீறினாலும்கூட, சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே தடுப்பூசி. ஓட்டத்தை முடிச்சுட்டுப் போகலாம்னு இருக்காதீங்க.

இன்னொண்ணு, முக்கியமா தனியா ஓடுற பெண்களுக்கு. உங்க ஓட்டம் எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதோ அதுதான் உங்க வீடு. தினமும் 5:10-க்கு அங்கேயிருந்து கிளம்பறீங்கன்னு ஊருக்கே சொல்ற மேப் அது. ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தால 2018 ஜனவரியில ராணுவ முகாம்களோட அமைப்பே வெளியில தெரிஞ்சுபோச்சு. ராணுவத்துக்கே அந்த நிலைமை. இன்னைக்கே செட்டிங்ஸ்ல போய் ஓட்டங்களைப் பொதுவுல காட்டாம வைங்க, ஆரம்ப, முடிவு இடங்களை மறைங்க.

"அப்ப ஓட வேண்டாம்னு சொல்றீங்களா டாக்டர்?" இந்த கமெண்ட் கண்டிப்பா வரும், அதனால இப்பவே சொல்லிடறேன். ஓடுங்க. சும்மா உட்கார்ந்திருக்கறதால வர்ற நோயாளிகள்தான் என் ஓபி-யில இதைவிடப் பல மடங்கு அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, இல்லன்னா 75 முதல் 150 நிமிஷம் கடினமானது. வாரக் கணக்குதான், தினசரிக் கணக்கு இல்ல. அந்த 10,000 அடிகூட 1965-ல ஜப்பான்ல ஒரு பெடோமீட்டரை விக்க வச்ச பேர்ல இருந்து பரவினதுதான். நடங்க, தப்பில்ல. 9,200-ல நின்னா குற்றவுணர்ச்சி வேண்டாம்.

ஸ்ட்ரீக் வச்சிருக்கிற எல்லாருக்கும் என் மருந்துச் சீட்டு: இந்த வாரம் ஒரு நாள் வேணும்னே உடைங்க. 40-ஆ இருந்தாலும் சரி, 400-ஆ இருந்தாலும் சரி. ஜீரோன்னு வரட்டும். அந்த நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க. ஓடின தூரத்தைக் குறிச்சு வைக்க ஆப் நல்ல நோட்டுப் புத்தகம். அந்த வேலையை மட்டும் கொடுங்க.

ஓடும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், படபடப்பு, ஒரே இடத்துல விரல் வச்சுக் காட்டற மாதிரி எலும்பு வலி, ராத்திரி வலி. இதுல எது வந்தாலும் அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

கேள்விகளை கமெண்ட்ல கேளுங்க, ராத்திரி டூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன். இன்பாக்ஸ்ல ஈசிஜி அனுப்பாதீங்க, நேர்ல பார்க்காம சொல்ல முடியாது. ஓடின ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். ஸ்ட்ரீக் ஜீரோ ஆன ஸ்கிரீன்ஷாட் இருந்தா மட்டும் அனுப்புங்க, 112 அண்ணனுக்கு ஃபார்வர்ட் பண்றேன்.